வேண்டாதது வலையில் விழாமலிருக்க: மக்கள் ஆதரவைத் திரட்டும் முழுமையான வழிகாட்டி

இழுவலைப் படகின் பின்தளத்தில் ஒரு முறையாவது நின்று பார்த்திருந்தால், இந்த வழிகாட்டியில் பாதியை நான் எழுத வேண்டியதே இல்லை. வின்ச் உறுமிக்கொண்டு வலையைத் தூக்கும். நீர் சொட்டச் சொட்ட, மீன் சேரும் பை போன்ற அதன் கடைப்பகுதியான மடி தலைக்கு மேலே ஆடும். ஒருவர் குனிந்து அடிமுடிச்சை வெடுக்கென்று இழுப்பார். மொத்தமும் தளத்தில் கொட்டும். போட்டது இறாலுக்கான வலைதான், ஆனால் முதலில் கண்ணில் படுவது இறால் இல்லை. விரல் நீளக் குஞ்சுமீன்கள், கால் உடைந்த நண்டுகள், வாலைச் சுருட்டிய ஒரு கடல்குதிரை, உள்ளங்கையளவு திருக்கை, ஜெல்லி மீனின் வழவழப்பு, சேறு. நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து கையால் கிளறி இறாலைப் பொறுக்குவார்கள். பொறுக்கி முடிந்ததும் மிச்சத்தை ஒரு பலகையால் தள்ளிவிடுவார்கள். அது கடலுக்கே திரும்பிப் போகும், பெரும்பாலும் செத்துத்தான் போகும்.

இப்படித் தேடிப் போகாமலேயே வலையிலும் தூண்டிலிலும் வந்து மாட்டுவதைத்தான் உடன்பிடிப்பு என்கிறோம். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகக் கடல்களில் பிடித்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே வீசப்படுவது ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன். மொத்தப் பிடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அடிமட்டத்தில் இழுக்கும் வலைகளிலிருந்து மட்டும் வருகிறது.

இதைக் குறைக்கும் கருவிகள் பலவும் ஏற்கெனவே இருக்கின்றன. பல இடங்களில் வேலை செய்துகாட்டியும் இருக்கின்றன. ஆனாலும் அவை படகில் ஏறுவதில்லை. ஏற வைக்க மக்கள் ஆதரவு வேண்டும். அதைத் திரட்டுவது எப்படி என்பதுதான் இனி வருவது. நான் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைக் கவனிப்பீர்கள்: படகில் இருப்பவரை எதிரியாக்கித் திரட்டிய ஆதரவு கரையிலேயே நின்றுவிடுகிறது.

முதல் படி: எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

உடன்பிடிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விதமான பிரச்சினைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, விற்க முடியாதென்று வீசப்படுவது. இரண்டு, வீசாமல் கரைக்குக் கொண்டுவந்து, வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் குஞ்சுமீனைக் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் கிலோக் கணக்கில் தள்ளிவிடுவது. இதற்குச் சங்காயம், கழிவுமீன் என்றெல்லாம் பெயர் உண்டு. மூன்று, கடலாமை, டால்பின், சுறா, அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை போன்றவை மாட்டுவது. இவை எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடும் அல்லது முட்டையிடும் உயிரினங்கள் என்பதால் ஒவ்வொன்றின் இழப்பும் பெரிது.

மூன்றையும் கலந்து பேசினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நீங்கள் ஆமையின் படத்தைக் காட்டி, டன் கணக்கில் புள்ளிவிவரம் சொல்வீர்கள். தொழிலைத் தெரிந்த ஒருவர் எழுந்து, அந்த டன் கணக்கில் ஆமையே இல்லை, அது முழுக்கச் சிறுமீன் என்பார். அவர் சொல்வது சரி. அதோடு கூட்டம் முடிந்தது.

இரண்டாம் படி: ஒரு தொழில், ஒரு வலை, ஒரு மாற்றம்

‘உடன்பிடிப்பை ஒழிப்போம்’ என்று பதாகை கட்டுவது எளிது, ஆனால் அதைப் பார்த்துவிட்டு யாரும் நாளைக் காலையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு குறிப்பிட்ட மீன்பிடித் தொழிலை எடுங்கள். அதில் எந்த வலை, அதில் எது மாட்டுகிறது, எந்த மாற்றம் அதைக் குறைக்கும் என்ற நான்கையும் ஒரே வரியில் சொல்ல முடிகிற வரை வெளியே போகாதீர்கள். இந்தப் படிக்கு ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

எந்த வலைக்கு எது மருந்து என்று ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இறால் இழுவலைக்கு ஆமை விலக்கி. மடிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து மடிக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, பக்கத்திலுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். சரியாகப் பொருத்தினால் மாட்டிய ஆமைகளில் 97 சதவீதம் தப்பிக்கும் அளவுக்கு அது செயல்படும். குஞ்சுமீன் பிரச்சினைக்கு அது உதவாது. அதற்கு மடியில் சதுரக் கண்ணி வேண்டும். சாதாரண வலைக்கண்ணி இழுபடும்போது சுருங்கி மூடிக்கொள்ளும், சதுரக் கண்ணி திறந்தே இருக்கும்.

ஆயிரங்கால் தூண்டில் என்பது கிலோமீட்டர் கணக்கில் நீளும் கயிற்றில் ஆயிரக்கணக்கான கொக்கிகளைத் தொங்கவிடுவது. அதில் ஆமைக்கு வட்டத் தூண்டில் உதவுகிறது. வழக்கமான ‘ஜே’ வடிவக் கொக்கியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வட்டத் தூண்டிலின் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் ஆமை அதை விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொள்வது குறைகிறது. 2004இல் ஹவாயின் வாள்மீன் தூண்டில் தொழிலை மீண்டும் அனுமதித்தபோது, வட்டத் தூண்டிலும் கணவாய்க்குப் பதில் கானாங்கெளுத்தி வகை மீன் இரையும் நிபந்தனையாக வைக்கப்பட்டன. கடற்பறவைகளுக்கு வேறு வழி: தூண்டில் சீக்கிரம் மூழ்க எடை கட்டுவது, இரவில் தூண்டில் போடுவது, படகின் பின்னால் வண்ணப் பட்டைகள் படபடக்கும் பறவை விரட்டிக் கயிறு கட்டுவது. மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன்.

செவுள் வலை, அதாவது மீனின் தலை நுழைந்து செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை, கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அதைச் சின்னப் படகுகள்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. ஒலி எழுப்பும் கருவியை வலையில் தொங்கவிட்டால் டால்பினின் சிறிய உறவினமான கடற்பன்றி போன்ற சில இனங்கள் விலகிப்போகின்றன. ஆனால் சில இடங்களில் சீல்கள் அந்த ஒலியைச் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன! பச்சை விளக்கு பொருத்துவது இன்னொரு வழி. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையில் செய்து 2022இல் வெளியான ஆய்வில், பச்சை எல்.இ.டி. விளக்கு கட்டிய வலைகளில் உடன்பிடிப்பின் மொத்த எடை 63 சதவீதம் குறைந்தது. சுறா, திருக்கை வகை மட்டும் 95 சதவீதம் குறைந்தது. தேடிப்போன மீனின் அளவு குறிப்பிடும்படி குறையவில்லை.

அதே ஆய்வில் எனக்கு அதைவிடப் பிடித்த எண் ஒன்று உண்டு. வலையை இழுத்துச் சிக்கெடுக்கும் நேரம் 57 சதவீதம் குறைந்தது. ஆமையைப் பற்றியோ திருக்கையைப் பற்றியோ கவலைப்படாத ஒரு மீனவருக்கும் இந்த எண் புரியும். விடியற்காலையில் நடுங்கும் விரல்களோடு சிக்கெடுப்பவர் அவர்தானே.

மூன்றாம் படி: கையெழுத்துக்கு முன்னால் படகுக்குப் போங்கள்

பெரும்பாலான பிரசாரங்கள் இந்தப் படியைக் கடைசியில் வைக்கின்றன, அல்லது விட்டேவிடுகின்றன. அதனால் வரும் வினையை ஒரு கதையில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் சிங்கி பூன் என்றொரு இறால் படகுக்காரர் இருந்தார். அவருக்குத் தொல்லை ஆமை இல்லை, ஜெல்லி மீன். பீரங்கிக் குண்டு போலத் திரளும் ஜெல்லி மீன் வலையை அடைத்து, கிழித்து, இறாலை நசுக்கிவிடும். அதை வெளியே தள்ள 1960களின் கடைசியில் வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தை அவரே செய்து மாட்டினார். ஆமையும் அதே வழியாக வெளியேறியது. இன்று ஆமை விலக்கி என்று நாம் சொல்லும் பல வடிவங்களுக்கு அவருடைய சட்டமும் ஒரு மூதாதை.

ஆக, கருவி மீனவரின் கையில் பிறந்தது. ஆனால் சட்டமாக வந்தபோது எப்படி வந்தது? 1987இல் அமெரிக்க அரசு விதி போட்டது, 1989இல் அமல்படுத்தத் தொடங்கியது. அந்த ஜூலையில் டெக்சாஸ், லூசியானா கரைகளில் இறால் படகுகள் வரிசையாக நின்று துறைமுக வாய்களை அடைத்துவிட்டன. சகோதரன் கண்டுபிடித்ததையே பகைவன் திணித்ததாக அவர்கள் உணர்ந்தார்கள். அதே ஆண்டு, ஆமை விலக்கி இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா இறக்குமதி செய்யக் கூடாது என்ற சட்டமும் வந்தது. அதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு சொன்னதன் சாரம் இதுதான்: கடலாமையைக் காக்கும் நோக்கத்தில் தவறில்லை, அதை நடத்திய விதத்தில் பாரபட்சம் இருக்கிறது. சில நாடுகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு, மற்றவர்கள் மேல் விதியைச் சுமத்தியதுதான் குறை.

சரி, படகுக்குப் போய் என்ன கேட்பது? முதல் சந்திப்பில் எதையும் கேட்டுப் பெற முயலாதீர்கள். உங்கள் வலையில் உங்களுக்கே தொல்லையாக இருப்பது எது என்று மட்டும் கேளுங்கள். ஜெல்லி மீனா, சிக்கெடுக்கும் நேரமா, வலை கிழிவதா, தூண்டில் இரையைப் பறவை தின்றுவிடுவதா? பறவை தின்ற இரையில் மீன் விழாது என்பது எந்தத் தூண்டில்காரருக்கும் தெரியும். அந்தத் தொல்லையும் உங்கள் கவலையும் ஒரே கருவியில் சந்திக்கும் இடம் ஒன்று கிடைத்தால், பாதி வேலை முடிந்தது.

“ஆமையா? வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மாட்டும் அண்ணே. அதுக்காக இந்த இரும்பை நான் தினமும் இழுக்கணுமா?” என்பது போன்ற பதில் நிச்சயம் வரும். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு படகில் ஆண்டுக்கு இரண்டு மாட்டினால், 600 படகுகளில் 1,200. படகில் நிற்பவருக்குத் தெரிவது அவருடைய இரண்டு மட்டும். இந்தப் பெருக்கலைப் பொறுமையாக, குற்றம் சாட்டாமல் காட்டத் தெரிந்தவர் உங்கள் குழுவில் ஒருவர் வேண்டும். பேச்சாளரை விட அவர் முக்கியம்.

இரும்பின் எடை, செலவு, நழுவும் இறால் என்ற கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். கொஞ்சம் இழப்பு இருக்கும் என்றால் இருக்கும் என்றே சொல்லுங்கள். அந்த இழப்பை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே பேசுங்கள். அரசு மானியமா, கொள்முதல் நிறுவனமா? முதல் கருவியை இலவசமாகத் தர முடியுமா என்று பாருங்கள். இரண்டு படகுகளாவது சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட பிறகுதான் பொது இடத்துக்கு வர வேண்டும்.

நான்காம் படி: ஆதாரம்

கண்காணிப்பாளர் திட்டம் இருக்கும் இடங்களில் படகிலேயே ஒருவர் உட்கார்ந்து எண்ணுவார். அந்தப் பதிவுகளை மீன்வளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டம் போன்ற வழிகளில் கேட்டு வாங்கலாம். இல்லாத இடங்களில் கரையொதுங்கும் ஆமை, டால்பின் கணக்கு, இறங்குதளத்தில் கூடைகளை எடை போட்டுக் குறித்த பதிவு, படகுக்காரர்களே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு இவையெல்லாம் உதவும். ஒரே விதமாக, ஒரே ஆள், ஒரே நாட்களில் எடுத்த 30 பதிவுகள், ஆளுக்கொன்றாக எடுத்த 300 பதிவுகளை விட நம்பத்தகுந்தவை.

படத்தின் வலிமைக்கு ஓர் உதாரணம் போதும். சாம் லபட் என்ற உயிரியலாளர் சூரை (டூனா) மீன் பிடிக்கும் ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, சுருக்குமடி வலையில் டால்பின்கள் சாவதை வீடியோ எடுத்தார். 1988இல் அது ஒளிபரப்பானது. கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் பெரிய மஞ்சள்துடுப்புச் சூரைகள் டால்பின் கூட்டத்தோடு சேர்ந்து நீந்துவதால், படகுகள் டால்பினைக் குறிவைத்தே வலையைச் சுற்றும். 1986இல் மட்டும் சுமார் 1,30,000 டால்பின்கள் அப்படிச் செத்தன. இரண்டே ஆண்டில், 1990 ஏப்ரலில், அமெரிக்காவின் மூன்று பெரிய சூரை டப்பா நிறுவனங்களும் இனி டால்பினைச் சுற்றிப் பிடித்த மீனை வாங்கமாட்டோம் என்று அறிவித்தன.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியைச் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். வலையின் ஒரு விளிம்பைத் தாழ்த்தி டால்பினை வெளியேற்றும் ‘பின்வாங்கல்’ முறையைச் சூரைப் படகுத் தலைவர்களே கண்டுபிடித்திருந்தார்கள். டால்பின் மூக்கு சிக்காதபடி அந்த விளிம்பில் சின்னக் கண்ணி வலையைத் தைத்தவர் ஹரால்ட் மெடினா என்ற படகுத் தலைவர். வீடியோ கோபத்தை எழுப்பியது. சாவை ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குக் கீழே இறக்கியதில் இந்தக் கைத்தொழிலுக்கும், ஒவ்வொரு பெரிய படகிலும் ஏறிய கண்காணிப்பாளருக்கும் பெரிய பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கை: ரகசியப் படப்பிடிப்பு உங்களுக்கு ஒரு நாள் செய்தியைத் தரும். நீங்கள் பல ஆண்டு பழக வேண்டிய துறைமுகத்தின் கதவை அதுவே அடைத்தும்விடும். முடிந்தவரை அனுமதி வாங்கியே எடுங்கள். முகம் தெரியாமல் எடுங்கள்.

ஐந்தாம் படி: செய்தியை அமைத்தல்

ஒரு வரி. அதில் யார், எதை, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘கடலைக் காப்போம்’ என்பதில் மூன்றும் இல்லை. ‘அடுத்த பருவம் தொடங்குவதற்குள், இந்தத் துறைமுகத்தின் இறால் படகுகள் அனைத்துக்கும் அரசு செலவில் ஆமை விலக்கி தர வேண்டும்’ என்பதில் இருக்கிறது. கேட்பவர் உடனே இரண்டாம் கேள்விக்குப் போவார்: எவ்வளவு செலவாகும்? அதுதான் உங்களுக்கு வேண்டிய உரையாடல்.

ரத்தப் படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். அதற்குப் பிறகு ஆள் கண்ணை மூடிக்கொள்வார். தீர்வின் படம், அதாவது ஆமை சட்டத்தில் முட்டித் திரும்பி நீந்திப் போகும் நீருக்கடியிலான காட்சி, பல மடங்கு பரவுவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு உண்மையான ஆமை விலக்கி ஒன்றையே கொண்டுபோங்கள். இரும்புச் சட்டத்தை ஆளுக்கு ஆள் தூக்கிப் பார்க்கட்டும். நான் போன ஒரு கூட்டத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் திறப்பு வழியாக ஊர்ந்து மறுபக்கம் வந்துவிட்டான். அதற்குப் பிறகு பேச்சாளர் பேசிய அரை மணி நேரமும் யாருக்கும் நினைவில்லை.

‘கொலைகார வலை’, ‘பேராசை’ போன்ற சொற்களை எழுதிய துண்டுப் பிரசுரம் உங்கள் கைக்கு வந்தால், அச்சடிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: யாரை, எந்த வரிசையில்?

முதலில் சோதனைக்கு ஒப்புக்கொண்ட படகுக்காரர்கள். அவர்களே மேடையில் பேச வேண்டும். அப்புறம் மீன் வாங்குபவர்கள்: ஏற்றுமதியாளர், பேரங்காடி, உணவகம், விடுதி. சூரை டப்பா விஷயத்தில் சட்டம் வருவதற்கு முன்பே சந்தையைத் திருப்பியது கொள்முதல் முடிவுதான். ஒரு பெரிய வாங்குபவர் ‘அடுத்த ஆண்டிலிருந்து இப்படிப் பிடித்ததைத்தான் வாங்குவேன், கிலோவுக்கு இவ்வளவு கூடுதலாகத் தருவேன்’ என்று சொன்னால், அது பத்தாயிரம் கையெழுத்துக்குச் சமம். கூடுதலாகத் தருவேன் என்ற பாதியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாத நிபந்தனை, செலவை முழுக்கப் படகின் தலையில் கட்டுவதாகிவிடும்.

அதற்குப் பிறகே பொதுமக்கள். இங்கே நன்றாக நடந்த ஒரு முயற்சியைப் பார்க்கலாம். பிரிட்டனில் ஹக் ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால் என்ற சமையல் கலைஞர், எந்த மீனை எவ்வளவு கரைசேர்க்கலாம் என்று வரம்பு வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒதுக்கீட்டு விதியால் நல்ல மீனையே செத்த நிலையில் கடலில் வீச வேண்டியிருப்பதை 2011இல் தொலைக்காட்சியில் காட்டினார். படகுக்காரர் அதில் வில்லன் இல்லை; வீசும்போது அவருக்கும் வயிறெரிந்தது. விதிதான் வில்லன். அதனால் மீனவர்களும் சாப்பிடுபவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2013 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் பொது மீன்வளக் கொள்கைச் சீர்திருத்தத்தை 502க்கு 137 என்ற வாக்கில் ஆதரித்தது. வீசுவதற்குத் தடை 2015இல் தொடங்கி 2019க்குள் படிப்படியாக அமலுக்கு வந்தது. அந்தத் தடைக்கு அப்புறம் என்ன ஆனது என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

பள்ளி, கல்லூரி, மதக் குழு, இளைஞர் மன்றம் எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வேலையைத் தாருங்கள்.

ஏழாம் படி: முடிவெடுப்பவரிடம் போவது

முதலில் யார் முடிவெடுப்பவர் என்று கண்டுபிடியுங்கள். கரையோரக் கடலுக்கு உள்ளூர் அரசாக இருக்கலாம், தேசியக் கடலுக்கு மத்திய அமைச்சகம், ஆழ்கடல் சூரைக்குப் பல நாடுகள் சேர்ந்த வட்டார மீன்வள அமைப்பு. தவறான கதவைத் தட்டி ஓராண்டைத் தொலைத்தவர்கள் உண்டு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல் என்றாலும் வழி இல்லாமல் போவதில்லை. 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலைகள் ஆழ்கடலில் கண்டதையெல்லாம் வாரியபோது, மக்கள் எதிர்ப்பின் அழுத்தத்தில் ஐ.நா. பொதுச்சபை 1991இல் தீர்மானம் போட்டு, 1992 இறுதிக்குள் அவற்றை நிறுத்தச் சொன்னது.

மனு இரண்டு பக்கம் இருந்தால் போதும். என்ன நடக்கிறது, எண் என்ன, என்ன கேட்கிறோம், செலவு எவ்வளவு, எந்தப் படகுகள் ஏற்கெனவே செய்கின்றன. கையெழுத்துக் கட்டை இணைப்பாக வையுங்கள், தலைப்பாக வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பயப்படுவது, விதி போட்டால் துறைமுகத்தை அடைத்துவிடுவார்களோ என்றுதான். உங்கள் பக்கத்தில் இரண்டு படகுக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் அங்கேயே பாதியாகிவிடும்.

எட்டாம் படி: நீங்களே உண்டாக்கும் சேதத்தைப் பாருங்கள்

எதை நிறுத்துகிறோமோ, அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று வந்து உட்காரும். டால்பினைச் சுற்றுவதை விட்ட படகுகள் சில மிதவைகளைக் கடலில் போட்டு, அவற்றின் அடியில் கூடும் சூரையைப் பிடித்தன. அங்கே டால்பின் குறைவு; குஞ்சுச் சூரையும் சுறாவும் ஆமையும் அதிகம். மிதவைக்குக் கீழே தொங்கும் பழைய வலையில் சுறா சிக்கிச் செத்தது. சிக்காத மிதவை என்ற அடுத்த பிரசாரம் தேவைப்பட்டது.

இன்னொன்று இன்னும் கசப்பானது. கலிஃபோர்னியா வளைகுடாவின் வக்கீட்டா என்ற சின்னக் கடற்பன்றி செவுள் வலையில் சிக்கிச் சாகிறது. உலகமே அதற்காகக் குரல் கொடுத்தது. மெக்சிகோ 2015இல் அங்கே செவுள் வலையைத் தற்காலிகமாகவும், 2017இல் நிரந்தரமாகவும் தடை செய்தது. ஆனால் அதே நீரில் டொடோவாபா மீனின் காற்றுப்பை கள்ளச்சந்தையில் பெரும் பணத்துக்கு விலைபோனது. சட்டத்தை மதித்த மீனவருக்கோ வேறு வலையும் வேறு வருமானமும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. 1997இல் 567 என்று மதிப்பிட்ட வக்கீட்டாக்கள் இன்று பத்து அளவில் நிற்கின்றன. உலகெங்கும் ஆதரவு இருந்தது. அந்தக் கரையில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

எனவே தடை கேட்கும் ஒவ்வொரு மனுவிலும், தடைக்கு மறுநாள் காலை அந்தப் படகு என்ன செய்யும் என்ற ஒரு பத்தியைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: வென்ற பிறகு

ஐரோப்பாவின் வீசுதல் தடைக்கு வருகிறேன். சட்டம் வந்தது, கடலில் பார்க்க ஆள் இல்லை. கண்காணிப்பு கேமரா கட்டாயமாக்கப்படவில்லை. வீசுவது பல இடங்களில் தொடர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2023இல்தான், விதிமீறலுக்கு அதிக வாய்ப்புள்ள 18 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளில் கேமரா வைக்கும் விதி நிறைவேறியது. கேமராவை முதல் மனுவிலேயே கேட்டிருந்தால், லட்சக்கணக்கானோர் எழுந்து நின்ற அந்தச் சூட்டிலேயே கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். கூட்டம் கலைந்த பிறகு கேமராவுக்காக மறுபடி கூட்டம் சேர்க்க யாராலும் முடியாது.

நமீபியாவில் நேர்மாறாக நடந்தது. 2015இல் தூண்டில் படகுகளுக்குப் பறவை விரட்டிக் கயிறு கட்டாயமானது. அதற்கு முன்பே பயிற்றுநர்கள் படகிலேறி, தலைவர்களோடு கடலுக்குப் போய், கயிற்றைக் கட்டிக் காட்டியிருந்தார்கள். கயிற்றைச் செய்வது வால்விஸ் பே துறைமுக ஊரின் பெண்கள் குழு ஒன்று. கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு அதே ஊரில் கிடைக்கும், காசும் அதே ஊரில் சுற்றும். அந்தத் தூண்டில் தொழிலில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்தது. உங்கள் கருவியை உள்ளூரில் யார் தைப்பார், யார் பற்றவைப்பார், யார் பழுது பார்ப்பார் என்று தொடக்கத்திலேயே யோசியுங்கள்.

கடைசியாக, கண்காணிப்புக்குப் போகும்போது சும்மா ‘கருவி இருக்கிறதா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இருக்கும். வலையைத் தரையில் விரிக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் சாய்வு சரியா என்று பாருங்கள். நிமிர்ந்து நின்றால் ஆமை வெளியேறாமல் அதில் அழுந்திக்கிடக்கும், அதிகம் படுத்திருந்தால் இறால் வழியும். பிறகு திறப்பின் மடலைத் தூக்கிப் பார்த்து, அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெளியேறும் வாயை மெல்லிய நைலான் நூலால் தைத்து மூடியிருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தட்டுப்படும். தைத்திருந்தால் ஏன் தைத்தார் என்று படகுக்காரரிடமே கேளுங்கள். இறால் போகிறது என்பார். எவ்வளவு போகிறது என்று அடுத்த பயணத்தில் சேர்ந்து எடை போட்டுப் பார்க்க நாள் குறித்துக்கொண்டு திரும்புங்கள்.